வீடு பார்த்தவனின் வாதம்

(மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங்கில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். மேடையில் தம் பெயரைச் சொல்லக் கூடாதாம். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுவதைக் கேட்டே காலம் கழித்தவன் நான். பெயரைச் சொல்லாமல் ஒருவருக்கு நன்றி சொல்வது எனக்குப் புதிது. இருந்தாலும் கட்டளை கட்டளைதான். அம்மா, நன்றி.

எதைப் பற்றிப் பேசட்டும் என்று கேட்டபோது, "உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். எந்தத் தொழில்? எனக்கு இரண்டு தொழில். ஏழு வருஷம் சமூக நல இலாகாவில் நன்னடத்தை அதிகாரி. அதற்குப் பிறகு இன்றுவரை குற்றவியல் வழக்கறிஞர். "அன்னைக்குத் திருத்த வந்தே, இன்னைக்குத் தப்பிக்க வைக்க வர்றே" என்று என் சின்னம்மா இன்னும் கேலி செய்வார். இரண்டும் எதிரெதிர்த் தொழில்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பாதி சரி. மீதிப் பாதியைச் சரிபார்க்கத்தான் இந்தச் சொற்பொழிவு.

அடுப்பு எந்தப் பக்கம்?

1986. வேலையில் சேர்ந்த முதல் வருஷம். அப்போது நடப்பில் இருந்தது 1947ஆம் ஆண்டின் இளையோர் நீதிமன்றச் சட்டம். பிரிஞ்சாங் கடைவீதியில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை இரண்டு பையன்கள் எடுத்து ஓட்டிப் போயிருக்கிறார்கள். திரிங்காப் பக்கம் பெட்ரோல் தீர்ந்துபோனது. வண்டியைச் சாலையோரம் சாய்த்துவிட்டு நடந்தே திரும்பும்போது பிடிபட்டார்கள். அதில் ஒருவனுக்கு 14 வயது. தேயிலைத் தோட்டத்துப் பையன். பெயரைச் சொல்ல மாட்டேன். வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளம் வெளிவரக் கூடாது என்பது சட்டம். அவனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, எனக்கு அந்தச் சட்டம் இன்னும் தீரவில்லை.

தகப்பன் இல்லாத பையன். தாய் இரண்டு தடவையும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டேன். "சொல்லியாச்சு" என்றார்கள். நான் தானா ராத்தா அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அறிக்கையின் வரைவை எழுதி முடித்தேன். தாயார் அக்கறையற்றவர், வீட்டில் கண்காணிப்பு இல்லை, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவது நல்லது. மலாயில் நாலே வரி. நாலு வரியில் ஒரு பையனைத் தைப்பிங்குக்கோ சுங்கை பெசிக்கோ அனுப்பிவிடலாம் என்பதில் அந்த வயதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

என் மேலதிகாரி ஒரு மலாய் அம்மையார். காக், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். வரைவைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை.

"அடுப்பைப் பார்க்காதவன் எழுதின அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை" என்று காகிதத்தைத் திருப்பித் தந்தார்.

பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் பெயர் கூப்பிடுவதற்கு, முன்னால் போனால்தான் ஆளைப் பிடிக்க முடியும் என்பது தோட்டத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடிவதற்குள் போய்ச் சேர்ந்தேன். பனியில் லயத்தின் விளக்குகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அந்த அம்மாள் ஒரு கையில் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகைக்குத் தயார் செய்துகொண்டே மறுகையால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். அடுப்பு இடது பக்கம். அதன் மேலே முருகன் படம். நான் யார் என்று சொன்னதும், படத்துக்குப் பின்னால் கையை விட்டு மூன்று காகிதங்களை எடுத்து நீட்டினார். மூன்றும் நீதிமன்ற அறிவிப்புகள். பையனின் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

"கவர்மெண்டு காகிதம்னு தெரியும்யா. தொலைஞ்சிறக் கூடாதுன்னு சாமிகிட்ட வச்சிருக்கேன்."

அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது. கோர்ட்டுக்குப் போகச் சொல்லி ஆள் வந்து சொன்னது உண்மை. என்றைக்கு என்று சொல்லவில்லை. தெரிந்திருந்தாலும் போயிருப்பாரா? பெரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. கொழுந்து நிறுவை இல்லை, அடுத்த வார அரிசிக்கு வழி இல்லை. அக்கறையற்றவர் என்று நான் எழுதிய ஆள், நாட்டின் ஆவணங்களைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அறிக்கையைப் புதிதாக எழுதினேன். பையன் இரண்டு வருஷ நன்னடத்தைப் பிணையில் வீட்டுக்கு வந்தான். அவன் டாக்டர் ஆனான் என்று முடித்தால் கைதட்டுவீர்கள். ஆகவில்லை. காய்கறி லாரி ஓட்டினான். வேகமாக ஓட்டியதற்காக நாலைந்து சம்மன் வாங்கினான். எஞ்சின் மேல் இருந்த ஆசை மட்டும் கடைசிவரை போகவே இல்லை.

ஒரு காலணிக்காரர்

இந்த நன்னடத்தை அதிகாரித் தொழிலைத் தொடங்கி வைத்தவர் நீதிபதியும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பூட்ஸ் தைத்துப் பிழைத்த ஜான் அகஸ்டஸ் என்பவர். 1841 ஆகஸ்ட் மாதம், காவல் நீதிமன்றத்தில் ஒரு குடிகாரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிறைக்குப் போக வேண்டியவர். அகஸ்டஸ் எழுந்து, இவருக்கு நான் பிணை நிற்கிறேன் என்றார். குடிக்க மாட்டேன் என்று அந்த ஆள் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துத் தெளிந்த முகத்தோடு வந்து நின்றபோது நீதிபதி விதித்த அபராதம் ஒரு சென்ட், அதோடு வழக்குச் செலவு. 1859இல் இறப்பதற்குள் அகஸ்டஸ் 1,946 பேருக்குப் பிணை நின்றிருந்தார். எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கவில்லை. ஆளின் பழக்கவழக்கம் என்ன, குடும்பம் எப்படி, வெளியே போனால் யாரோடு சேர்வார் என்று விசாரித்துப் பார்த்துத்தான் நின்றார். அவரது வழியை மாசசூசெட்ஸ் மாநிலம் 1878இல் சட்டமாக்கியது. பிரிட்டன் 1907இல் சட்டம் போட்டது. சென்னை மாகாணம் 1920இல் குழந்தைகள் சட்டம் கண்டது. மலாயாவில் 1946இல் சமூக நல இலாகா வந்தது, அடுத்த வருஷமே இளையோர் நீதிமன்றச் சட்டம்.

பெயரைக் கவனியுங்கள். மலாயில் இந்த அதிகாரிக்குப் பெயர் ‘பெகாவாய் அக்லாக்’. அக்லாக் என்றால் நடத்தை, அவ்வளவுதான். தமிழில் நாம் ‘நன்’ என்று ஒன்றைச் சேர்த்து நன்னடத்தை அதிகாரி ஆக்கினோம். நல்ல நடத்தை உள்ளே இருக்கிறது, தேடிப் பார் என்று அந்த ஒட்டுச் சொல் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் புரொபேஷன். சோதித்துப் பார்ப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதே லத்தீன் வினையிலிருந்துதான் இன்னொரு சொல்லும் வந்திருக்கிறது: புரூஃப், அதாவது மெய்ப்பிப்பு. ஒன்று நல இலாகாவுக்குப் போய்விட்டது, இன்னொன்று வழக்கறிஞர் அறைக்குப் போய்விட்டது. வேர் ஒன்றுதான். இதை நான் அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு வழக்கில் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வழக்கைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குமுன் இன்றைய சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பெற்றோருக்காகச் சொல்லிவிடுகிறேன். 1947 சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம். 2002 ஆகஸ்டு 1 முதல் நடப்பில் இருக்கிறது. 18 வயது நிறையாதவர் சிறார். பத்து வயது நிறையாத பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது தண்டனைச் சட்டம். சிறாருக்கான நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் உறுதியான பிறகு, என்ன உத்தரவு போடுவது என்று முடிவெடுப்பதற்கு முன், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். பொதுவான நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிக்கூடப் பதிவு, உடல்நலம் என்று அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது. எச்சரித்து விடலாம், பிணையில் விடலாம், ஒன்று முதல் மூன்று வருஷம்வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கலாம், துனாஸ் பக்தி பள்ளிக்கு அனுப்பலாம், சிறை இலாகாவின் ஹென்றி கர்னி பள்ளிக்கும் அனுப்பலாம். இந்தப் பட்டியலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் அந்த அறிக்கைதான். உங்கள் வீட்டுக்கு நன்னடத்தை அதிகாரி வந்தால் பயந்து கதவைச் சாத்தாதீர்கள். அடுப்பைக் காட்டுங்கள்.

தேதி என்ன?

1993இல் வேலையை விட்டேன். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிச் சட்டப் பட்டம், பிறகு சி.எல்.பி. என்கிற வழக்கறிஞர் தகுதித் தேர்வு, பிறகு ஈப்போவில் ஒன்பது மாதம் சேம்பரிங் என்கிற தொழிற்பயிற்சி. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அன்று இருந்த வழி அது ஒன்றுதான். பகலில் வேலை, இரவில் படிப்பு.

ஈப்போவில் குற்றவியல் வழக்கு பேசுகிறவர்கள் சீனிவாசகம் சகோதரர்களை நினைக்காமல் இருக்க முடியாது. டி.ஆர். சீனிவாசகம் 1969இல் மறைந்தார், அண்ணன் எஸ்.பி. சீனிவாசகம் 1975இல். நாடாளுமன்றத்தில் பேசியவர்கள் என்பதைவிட, காசில்லாதவனுக்கும் கோர்ட்டில் எழுந்து நின்றவர்கள் என்றுதான் பழைய ஆட்கள் அவர்களைச் சொல்வார்கள். நான் சேம்பரிங் செய்த அலுவலகத்தில் அந்தக் காலத்து நீதிமன்றங்களைப் பார்த்துப் பழுத்த ஒரு குமாஸ்தா இருந்தார். என்னை முதல் நாளே எடைபோட்டுவிட்டார். "நீங்க வெல்பேர்லேருந்து வந்தவரு. ஆளைப் பார்த்ததும் மனசு இளகிரும். ஆளைப் பார்க்காதீங்க. முதல்ல சார்ஜ் தாளைப் பாருங்க. அதுலயும் முதல்ல தேதியைப் பாருங்க."

காக்கின் கேள்வி: அடுப்பு எந்தப் பக்கம்? குமாஸ்தாவின் கேள்வி: தேதி என்ன? இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் என் தொழில் வாழ்க்கை முழுவதும் ஓடியிருக்கிறது.

காக்கிடம் படித்த பாடம் எளிதில் உடம்பில் ஏறிவிட்டது. குமாஸ்தாவிடம் படித்தது ஏறவில்லை. காரணம் இருக்கிறது. நன்னடத்தை அதிகாரி வரும்போது குற்றம் செய்தானா இல்லையா என்ற விசாரணை முடிந்திருக்கும். அவர் முன்னால் நிற்கிற ஒவ்வொருவரும் செய்தவர்தான். ஏழு வருஷம் அப்படியே பார்த்த கண், வழக்கறிஞராக ஆன பிறகும் அப்படியேதான் பார்த்தது. கட்சிக்காரரைக் கண்டதும் குடும்ப நிலவரம் கேட்பேன், படிப்பு கேட்பேன், அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்பேன். தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வாதத்தில் நான் கெட்டிக்காரன் என்று பேர் வந்தது. அந்தப் பேரில் ஒரு பள்ளம் இருந்ததை நான் பார்க்கவில்லை.

காதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நன்னடத்தை அதிகாரியிடம் ஒரு பையன் மனம்விட்டுச் சொல்வதெல்லாம் அறிக்கையில் ஏறி நீதிமன்றத்துக்குப் போகும். அந்த அதிகாரியின் காது நீதிமன்றத்தின் காது. வழக்கறிஞரிடம் சொல்வது வழக்கறிஞரோடு நின்றுவிட வேண்டும். 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 126ஆம் பிரிவு. முதன்முதலாக லாக்கப்பில் ஒரு கட்சிக்காரரைப் பார்க்கப் போனபோது, அவர் பேசப் பேச என் கை தானாக நோட்டுப் புத்தகத்தில் அறிக்கை மாதிரி எழுதிக்கொண்டு போனது. பாதியில் நிறுத்தினேன். யாருக்காக எழுதுகிறேன்? அன்று அந்தத் தாளைக் கிழித்தபோதுதான் நான் வழக்கறிஞரானேன் என்று நினைக்கிறேன். சன்னது வாங்கிய நாளில் ஆகவில்லை.

"ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிருமா?"

வழக்கறிஞராகி மூன்றாவது வருஷம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளைஞன் மேல், ஒரு காய்கறித் தோட்டத்துக் கொட்டகையை இரவில் உடைத்துப் பொருளை எடுத்ததாக வழக்கு. தகப்பனும் மகனும் கோர்ட்டு வராந்தாவில் நின்றார்கள். பையன் கேட்டது இதுதான்: "சார், ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிருமா?"

இந்த மலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். மறுத்தால் வழக்கு ஒத்தி வைக்கப்படும். ஒவ்வொரு ஒத்திவைப்பும் ஒரு நாள் கூலி. சாட்சி வரவில்லை என்றால் இன்னொரு நாள். ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போகும், கடன் வாங்கிக் கட்டிவிடலாம். மேலுக்குப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் தெரியும். முதல் குற்றத்துக்கு நன்னடத்தைப் பிணையில் விடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294ஆம் பிரிவில் இடம் இருந்தது, 173ஏ பிரிவிலும் இடம் இருந்தது. எனக்கோ அந்த வாதம் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுக்கு முதல் நாளே போய் வந்திருந்தேன். அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரியும். பாட்டி படுக்கையில் கிடப்பது தெரியும். மாஜிஸ்திரேட் மனம் இரங்கும்படி எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தேன்.

உள்ளே கூப்பிட இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. குமாஸ்தாவின் குரல் காதில் விழுந்தது போல இருந்தது. சார்ஜ் தாளை எடுத்தேன். தேதியைப் பார்த்தேன். தகப்பனிடம் கேட்டேன்: "அன்னைக்கு ராத்திரி தம்பி எங்க இருந்தான்?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "வியாழக்கிழமையாங்க? பேக்டரியில நைட்டு ஷிப்டு. செக்ரோல்ல இருக்குமே."

செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், இருந்தது. பையனுக்கும் அது தெரியும். "சொன்னா யாரு நம்புவா சார், இழுத்தடிப்பாங்க" என்றான். அவன் வீட்டைப் பார்த்தேன், பாட்டியைப் பார்த்தேன், அழகாக வாதம் எழுதினேன். செய்தாயா என்று மட்டும் கேட்கவில்லை.

குற்றத்தை மறுத்தோம். அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்தான் என்று முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்தோம். நாலு ஒத்திவைப்புக்குப் பிறகு அரசுத் தரப்பு வழக்கை நடத்தவில்லை என்றது. பையனுக்குக் கிடைத்தது விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு. அதாவது, அதே குற்றச்சாட்டை மறுபடியும் கொண்டுவர முடியும். முழு விடுதலை என்று தீர்ப்பு வாங்கித் தர முடியவில்லையே என்ற குறை எனக்கு இன்றுவரை உண்டு.

அந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் சாதாரணத் தூரமில்லை. அதை அளந்து வைத்த வழக்கே நம் ஆள் ஒருவருடைய வழக்குதான். சாம்பசிவம். அவசரகாலத்தின் தொடக்கம், 1948 செப்டம்பர், ஜொகூர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று ஒன்று, தோட்டா வைத்திருந்தார் என்று ஒன்று, இரண்டு குற்றச்சாட்டுகள். தோட்டா வழக்கில் விடுதலை. துப்பாக்கி வழக்கு மறுவிசாரணைக்குப் போய் மரண தண்டனை. மறுவிசாரணையில் அவருடையது என்று அரசுத் தரப்பு தாக்கல் செய்த வாக்குமூலத்தில் துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்தே இருந்தன. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1950இல் தீர்ப்பு. ஒரு குற்றத்திலிருந்து ஒருவரை விடுவித்தால், மறுபடி அதே குற்றத்துக்கு வழக்குப் போடக் கூடாது என்பதோடு அந்த விடுதலை நின்றுவிடுவதில்லை. அவர் அதைச் செய்யவில்லை என்பதையே அதற்குப் பின் வரும் வழக்குகளிலும் முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டும் என்று பிரிவி கவுன்சில் சொல்லி, சாம்பசிவத்தின் தண்டனையை ரத்து செய்தது. காமன்வெல்த் நாடுகளின் சட்ட மாணவர்கள் அவர் பெயரை இன்றும் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"ஒத்துக்கிட்டா முடிஞ்சிருமா" என்ற கேள்விக்குப் பின்னால் கூலி மட்டும் இல்லை, ஒரு வரலாறும் இருக்கிறது. ஒப்பந்தக் கூலி முறையில் தோட்டத்தை விட்டு ஓடுவதே குற்றம். அதற்குச் சிறை உண்டு. மலாயாவில் தமிழ்க் கூலிகள் பலர் முதன்முதலாகக் கோர்ட்டைப் பார்த்தது ஓடிப்போனவர் என்ற பெயரில்தான். துரை சொன்னால் கோர்ட்டு கேட்கும் என்பது அனுபவம். அந்த முறைக்கு ஆள் எடுப்பது 1910இல் நின்றது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் திறந்தது 1929க்குப் பிறகு. இங்கே வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள் இல்லை. கங்காணி மூலமாகவும் கீழ்த் தோட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். பயம் மட்டும் அவர்களோடு மலையேறி வந்துவிட்டது. கைநாட்டு வைக்கச் சொன்ன இடத்தில் வைப்பது, கேட்டதற்குத் தலையாட்டுவது, சீக்கிரம் வீடு போய்ச் சேர்வது. என் தாத்தாவும் அப்படித்தான். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் இருந்திருப்பார்.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது விதி அது. வழக்கறிஞரைக் கேட்கும் உரிமையும் அங்கேயே இருக்கிறது. தடுப்புக் காவல் கேட்டால், 14 வருஷத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்களுக்கு முதலில் அதிகபட்சம் 4 நாள், அடுத்து 3 நாள். 14 வருஷமும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 7 நாள், மறுபடி 7 நாள். வழக்கறிஞருக்குக் காசில்லையா? தேசிய சட்ட உதவி அறக்கட்டளை 2012 ஏப்ரல் முதல் மலேசியக் குடிமக்களுக்கு லாக்கப்பிலிருந்தே உதவுகிறது. ஒத்துக்கொள்வதா மறுப்பதா என்பதை வராந்தாவில் ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்யாதீர்கள். என்னைப் போன்ற வழக்கறிஞர் இரக்கமாகப் பேசுகிறார் என்பதற்காகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தூக்குக் கயிற்றின் முன்னால்

சரி, அப்படியானால் குமாஸ்தாதான் ஜெயித்தாரா? காக்கின் கேள்வி பிள்ளைகளின் சின்ன வழக்குகளுக்கு மட்டும்தானா? பல வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுப்பு எந்தப் பக்கம் என்ற கேள்வி எந்த வழக்கில் மிக அதிகமாகத் தேவைப்பட்டதோ, அந்த வழக்கில் அதைக் கேட்கவே நீதிபதிக்கு அனுமதி இருக்கவில்லை.

கட்டாய மரண தண்டனை வழக்கைத்தான் சொல்கிறேன். அப்படியென்றால் என்ன? குற்றம் உறுதியானதும் நீதிபதியின் கை கட்டப்பட்டுவிடும். 200 கிராமுக்குக் குறையாத கஞ்சா, 15 கிராமுக்குக் குறையாத ஹெரோயின் கையில் இருந்தால் கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும். கடத்தல் என்று முடிவானால் நீண்ட காலமாக ஒரே தண்டனைதான் இருந்தது. கொலைக்கும் அப்படியே. இவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை, எத்தனை வயதில் பள்ளியை விட்டான், யார் அனுப்பிப் போனான் என்பதெல்லாம் தீர்ப்பில் ஒரு வரிகூடப் பெறாது. இளைய வழக்கறிஞராக அப்படியொரு வழக்கில் உட்கார்ந்திருக்கிறேன். குற்றவாளி என்று அறிவித்த பிறகு எங்கள் பக்கம் பேசுவதற்கு எதுவுமே இல்லை. தண்டனை வாதத்தில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

2023 ஜூலை 4 முதல் அந்த நிலைமை மாறியது. கட்டாய மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. கொலைக் குற்றத்துக்கு இப்போது மரண தண்டனை விதிக்கலாம், அல்லது 30 முதல் 40 வருஷம் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். ஏற்கெனவே தண்டனை உறுதியாகிச் சிறையில் காத்திருந்தவர்களின் வழக்குகளையும் கூட்டரசு நீதிமன்றம் திரும்ப எடுத்துப் பார்த்தது. இதைக் கருணை என்று சிலர் சொல்கிறார்கள். 30 வருஷச் சிறையும் பிரம்படியும் கருணையின் பெயரில் வராது. நடந்தது வேறு. காக்கின் கேள்வி, நாட்டின் உச்ச நீதிபீடத்துக்குள் நுழைந்தது. வழக்கறிஞர்கள் இப்போது வீட்டைத் தேடிப் போகிறார்கள். இருபது வருஷத்துக்கு முன் பூட்டிய வீட்டில் எந்தப் பக்கம் அடுப்பு இருந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள்.

இந்தியாவும் இதே வழியில்தான் நடந்தது. 1980இல் பச்சன் சிங் வழக்கு ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டும் மரண தண்டனை என்று வரம்பு கட்டியது. குற்றத்தைப் போலவே குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்றது. பார்ப்பது எப்படி என்று பல வருஷம் யாரும் சொல்லவில்லை. 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி வகுத்தது. குடும்பப் பின்னணி, சிறுவயது, மனநிலை, சிறையில் நடந்துகொண்ட விதம் எல்லாம் விசாரணை நீதிமன்றத்தின் முன்னாலேயே வர வேண்டும் என்றது. அந்த வழக்கில் நீதிமன்றம் கேட்டு வாங்கிய அறிக்கைகளில் ஒன்று நன்னடத்தை அதிகாரியுடையது. பாஸ்டனில் ஒரு குடிகாரருக்காகத் தொடங்கிய காரியம், தூக்குக் கயிற்றின் முன்னால் வந்து நிற்கிறது.

முன்பு சொன்ன வேர்ச் சொல்லுக்கு இப்போது வருகிறேன். செய்தானா என்று சோதிப்பதும், யார் இவன் என்று சோதிப்பதும் ஒரே வினையின் இரண்டு கிளைகள். வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் தேதி, பிறகு அடுப்பு. முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்டால், செய்யாதவனுக்காக இரக்கம் கேட்டு நிற்போம். நான் கிட்டத்தட்ட நின்றுவிட்டேன். முதல் கேள்வியோடு நின்றுவிட்டால், ஒரு நாளில் செய்ததற்கு ஓர் ஆயுளையே கணக்கில் எழுதிவிடுவோம். சட்டக் கல்லூரி முதல் கேள்வியை நன்றாகச் சொல்லித் தருகிறது. இரண்டாவது கேள்விக்கு விடிவதற்குள் எழுந்து லயத்துக்குப் போக வேண்டும்.

65 ரிங்கிட் 38 சென்

பிரிஞ்சாங் மாறிவிட்டது. லயங்களில் இன்று வங்காளதேசத்து, நேப்பாளத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கீழே இறங்கிவிட்டார்கள். சிலர் ஹோட்டலில், சிலர் காய்கறித் தோட்டத்தில், சிலர் லாரியில். ஆனால் தானா ராத்தா கோர்ட்டு வராந்தாவில் வார நாட்களில் போய்ப் பாருங்கள். யாரும் வராத பிள்ளை ஒன்று பெஞ்சின் ஓரத்தில் இன்றும் உட்கார்ந்திருக்கும். பெற்றோர் வர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம், வராவிட்டால் அதுவே குற்றம் என்கிறது சிறார் சட்டம். சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் பக்கத்தில் தாய் நிற்பதற்கு ஈடான அறிக்கையை எந்த அதிகாரியும் எழுத முடியாது. வராத தாய்க்கு அபராதம் போடலாம். வருவதற்கு வழி செய்வது யார்?

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 சென். 1986இல் அந்தத் தாய் கோர்ட்டுக்கு வராமல் போனதற்கும், வராந்தாவில் நின்ற இளைஞன் செய்யாததை ஒத்துக்கொள்ளத் தயாரானதற்கும் பின்னால் இருந்த தொகை இதுதான், அன்றைய காசில். பிரிஞ்சாங்கிலிருந்து கோர்ட்டுக்கு ஐந்து கிலோமீட்டர்தான் இருக்கும். தூரம் எப்போதும் பிரச்சினையாக இருந்ததில்லை.

ஆகவே அம்மா, உங்கள் பெயரைச் சொல்லாமலே ஒரு விண்ணப்பம். இந்த அறக்கட்டளையின் வட்டியில் வருஷத்துக்கு ஒரு சொற்பொழிவு நடக்கிறது. நடக்கட்டும். அதோடு இன்னொரு சின்னக் கணக்கையும் திறந்து வையுங்கள். பிள்ளையின் வழக்குக்காகக் கோர்ட்டுக்கு வருகிற தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய ஒரு நாள் கூலி. வழக்கு என்ன, யார் பக்கம் நியாயம் என்று கேட்க வேண்டாம். வந்து நின்றால் போதும்.

இன்று எனக்குச் சன்மானமாக ஐந்நூறு ரிங்கிட் தருவதாகச் செயலாளர் சொன்னார். உறையைப் பிரிக்காமலே திருப்பித் தருகிறேன். வரும்போது காரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பேருக்கு ஒரு நாள் கூலி வரும். மிச்சம் 42 ரிங்கிட் 34 சென். அது பஸ் காசு.